குஜராத்துக்குள் ஒரு ‘வெளிநாடு’: அங்கே டாலர் போடலாமா?

கேள்வி: ஆடிட்டர் சார், 17 வருடமாக ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் புதுக்கோட்டை. இரண்டு வருடத்தில் குடும்பத்தோடு ஊர் திரும்பிவிட எண்ணம். சேமிப்பில் 60,000 டாலர் இருக்கிறது. வங்கியிலிருந்து ஒரு ரிலேஷன்ஷிப் மேனேஜர் வாரம் தவறாமல் கூப்பிட்டு, ‘குஜராத் கிஃப்ட் சிட்டியில் மூன்று வருட டாலர் டெபாசிட் போடுங்கள், அது வெளிநாடு மாதிரி, வரியே கிடையாது’ என்கிறார். என் மச்சானோ, ‘அதெல்லாம் கறுப்புப் பணக்காரர்கள் போகிற இடம், கிட்டப் போகாதே’ என்கிறார். குஜராத் எப்படி சார் வெளிநாடு ஆகும்? எல்லா வங்கியும் ஏன் அங்கே போய்க் கடை போடுகிறது? நான் போடலாமா?

பதில்: உங்கள் மேனேஜர் சொன்னதில் முக்கால்வாசி உண்மை. மச்சான் சொன்னதில் கால்வாசி. மேனேஜர் சொல்லாமல் விட்ட அந்தக் கால்வாசிதான் உங்களுக்கு வேண்டியது. அதைப் புரிந்துகொள்ள, அந்த இடம் எதற்காக உண்டானது என்று தெரிய வேண்டும். கொஞ்சம் சுற்றி வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இருக்கிற ஊரிலிருந்தே தொடங்கலாம். துபாய் ஷேக் சயீத் சாலைப் பக்கம் போகும்போது, பெரிய வாசல் மாதிரி நடுவில் திறந்திருக்கிற ஒரு கட்டடம் கண்ணில் பட்டிருக்கும். அதுதான் டி.ஐ.எஃப்.சி. என்கிற துபாய் சர்வதேச நிதி மையம். 2004-ல் வந்தது. அந்த எல்லைக்குள் காலெடுத்து வைத்தால் நிலம் துபாய்தான், குற்றம் செய்தால் பிடிப்பதும் அமீரகப் போலீஸ்தான். ஆனால் ஒப்பந்தம், கடன், கம்பெனி, வணிக வழக்கு என்று வந்துவிட்டால் அமீரகத்தின் வழக்கமான சிவில் சட்டம் அங்கே செல்லாது. தனிச் சட்டம், தனிக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஆங்கிலத்தில் நடக்கிற தனி நீதிமன்றம். லண்டனில் இருக்கிற ஒரு வங்கிக்காரர் அரபுச் சட்டம் படிக்காமலேயே அங்கே கையெழுத்துப் போடலாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

குஜராத்திலும் இதன் சாயல்தான். அகமதாபாத்துக்கும் காந்திநகருக்கும் நடுவே, சபர்மதி ஆற்றோரம் 886 ஏக்கரில் திட்டமிட்ட நகரம் கிஃப்ட் சிட்டி. அது முழுக்க ‘வெளிநாடு’ இல்லை. அதற்குள் 261 ஏக்கர் சிறப்புப் பொருளாதார மண்டலம். அந்த மண்டலத்தில்தான் சர்வதேச நிதிச் சேவை மையம் இருக்கிறது. 2015-ல் ரிசர்வ் வங்கி, ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் ஒரு விதி போட்டது. இந்த மையத்தில் அமைகிற நிதி நிறுவனம், அந்நியச் செலாவணி விஷயத்தில், இந்தியாவுக்கு வெளியே குடியிருக்கும் நபராகக் கருதப்படும் என்று. எல்லாமே அந்த ‘கருதப்படும்’ என்ற சொல்லில்தான் நிற்கிறது. அங்கே இருக்கிற வங்கிக் கிளை டாலரில் டெபாசிட் வாங்கும், டாலரில் கடன் கொடுக்கும். ரூபாய் தேவைப்படுவது வாடகை, சம்பளம், கரண்ட் பில் கட்டத்தான். அதற்கென்று தனியாக ஒரு ரூபாய்க் கணக்கு.

நம்மூர் ஜவுளிக் கடைகளில் சில்லறைக்கு ஒரு பேரேடு, மொத்த வியாபாரத்துக்கு ஒரு பேரேடு என்று வைத்திருப்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். இதை நான் உவமைக்காக மட்டும் சொல்லவில்லை. 1968-ல் சிங்கப்பூர் செய்ததே அதுதான். அங்கே இருந்த பேங்க் ஆஃப் அமெரிக்கா கிளையில் வெளிநாட்டவரின் டாலருக்கென்று தனிப் பேரேடு ஒன்றைத் திறக்க அனுமதித்து, அவர்கள் வாங்குகிற வட்டி மீதான வரியையும் எடுத்துவிட்டார்கள். ஹாங்காங் அன்றைக்கு அந்த வரியை விட்டுக்கொடுக்கவில்லை. ஆசிய டாலர் சந்தை சிங்கப்பூரில் வேர்விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு பஹ்ரைன், மலேசியாவின் லபுவான், அயர்லாந்தின் டப்ளின் என்று பல ஊர்கள் இதே கணக்கைப் போட்டன. டப்ளின் 1987-ல் பழைய சுங்கத் துறைமுகப் பக்கத்தைச் சீரமைத்து, அங்கே வரும் நிதி நிறுவனத்துக்கு 10 சதவீதம் மட்டும் வரி என்றது. ஐரோப்பிய ஒன்றியம் முறைத்தது. கடைசியில் நாடு முழுக்கவே 12.5 சதவீதம் ஆக்கிவிட்டார்கள்!

சரி, இந்தியாவுக்கு இது ஏன் தேவைப்பட்டது? உலகப் பணத்தை இழுக்க என்று விளம்பரத்தில் போடுவார்கள். நான் பார்த்தவரை, நம் கையை விட்டுப் போன நம் வியாபாரத்தைத் திரும்பப் பிடிக்கத்தான். காலையில் டி.வி.யில் ‘கிஃப்ட் நிஃப்டி’ என்று ஓடுகிறதே, 2023 ஜூலை 3-க்கு முன்னால் அதன் பெயர் ‘எஸ்.ஜி.எக்ஸ். நிஃப்டி’. நிஃப்டி என்கிற பங்குக் குறியீடு நம்முடையது, அதிலுள்ள 50 கம்பெனியும் நம்முடையவை. அதன் மீதான டாலர் ஃபியூச்சர்ஸ் (பின்னால் வரும் தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) வியாபாரம் மட்டும் 2000-லிருந்து சிங்கப்பூரில் நடந்தது. வெளிநாட்டு முதலீட்டாளருக்கு அங்கே நம் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியில் பதிவு செய்கிற வேலை இல்லை, ரூபாயாக மாற்ற வேண்டாம், நம் பங்குப் பரிவர்த்தனை வரியும் இல்லை. மும்பை சந்தை மூடிய பிறகும் அங்கே கை மாறிக்கொண்டிருந்தது. 2018-ல் நம் சந்தைகள், இனி எங்கள் விலைத் தகவலை வெளிநாட்டுச் சந்தைக்குத் தர மாட்டோம் என்றன. சண்டை, சமரசம் எல்லாம் நடந்து வியாபாரம் குஜராத்துக்கு வந்தது. வந்ததென்றால் சும்மா வரவில்லை. சிங்கப்பூரில் என்னென்ன இல்லையோ, அதெல்லாம் இங்கேயும் இல்லாமல் செய்த பிறகுதான் வந்தது. பரிவர்த்தனை வரி இல்லை, முத்திரைத் தீர்வை இல்லை, ரூபாய் இல்லை. காலை 6.30-க்குத் தொடங்கி, நடுவில் ஒரு சிறு இடைவேளை விட்டு, நள்ளிரவு தாண்டி 2.45 வரை சந்தை திறந்திருக்கும்.

மொரீஷியஸ் கதையும் இதே ரகம். அந்த நாட்டோடு போட்ட வரி ஒப்பந்தத்தால், அங்கே கம்பெனி வைத்து இந்தியப் பங்கு வாங்கி விற்றால் லாபத்துக்கு இங்கே வரி இல்லை என்ற நிலை பல பத்தாண்டுகள் இருந்தது. இந்தியாவில் முதலீடு செய்கிற ஃபண்டுகள் எல்லாம் அந்தச் சின்னத் தீவில் முகவரி வைத்துக்கொண்டன. 2016-ல் ஒப்பந்தத்தைத் திருத்தி, 2017 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கும் பங்குகளுக்கு அந்தச் சலுகையை எடுத்தார்கள். அப்புறம், அந்த ஃபண்டுகள் இடம் மாறி கிஃப்ட் சிட்டிக்கு வந்தால், மாறுவதற்கென்று வரி விழாது என்று 2021-ல் சட்டம் போட்டார்கள். ஒரு கதவைச் சாத்தி இன்னொரு கதவைத் திறப்பது என்றால் இதுதான்.

வரிச் சலுகை பெரிய இரை, மறுக்கவில்லை. அங்கே வருகிற நிறுவனத்துக்கு 2019-ல் சொன்னது, 15 வருடத்தில் தொடர்ச்சியாக 10 வருடம் லாபத்துக்கு 100 சதவீதம் கழிவு. ஆனால் வரி மட்டுமே போதும் என்றால் 2015-லேயே கூட்டம் மொய்த்திருக்க வேண்டும். மொய்க்கவில்லை. ஏன் என்று கேட்டால், வங்கிக்கும் பங்குச் சந்தைக்கும் கேட்க மும்பை, இன்சூரன்ஸுக்கு ஹைதராபாத், ஓய்வூதியத்துக்கு டெல்லி என்று நான்கு கட்டுப்பாட்டு அமைப்புகளிடம் ஓட வேண்டியிருந்தது. 2019-ல் தனிச் சட்டம் கொண்டுவந்து, 2020 ஏப்ரலில் ஐ.எஃப்.எஸ்.சி.ஏ. என்ற ஒற்றை அமைப்பை வைத்தார்கள். நான்கு பேரின் அதிகாரமும் அந்த எல்லைக்குள் அதற்கு மட்டும். அதற்குப் பிறகுதான் வேகம் பிடித்தது.

விமானக் குத்தகையைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். நம் விமான நிறுவனங்கள் பறக்கவிடும் விமானங்களில் பெரும்பாலானவை வாடகைக்கு எடுத்தவை. அந்த வாடகைத் தொழிலுக்குத் தலைநகரம் அயர்லாந்து. அந்தத் தொழிலைக் கொஞ்சம் இங்கே இழுக்க கிஃப்ட் சிட்டியில் சலுகை கொடுத்தார்கள். ஏர் இந்தியாவின் முதல் ஏ350 விமானம் 2023-ல் அந்த வழியாகத்தான் வந்தது. அதே வருடம் மே மாதம் கோ ஃபர்ஸ்ட் என்கிற நம் விமான நிறுவனம் திவால் மனு போட்டது. விமானங்களுக்குச் சொந்தக்காரர்களான வெளிநாட்டுக் கம்பெனிகள், திவால் சட்டத்தின் தடை உத்தரவால் தங்கள் விமானத்தைத் தாங்களே எடுத்துப்போக முடியாமல் மாதக்கணக்கில் நின்றன. எவ்வளவு வரிச் சலுகை கொடுத்தாலும், ‘என் பொருள் எனக்குத் திரும்பக் கிடைக்குமா?’ என்ற கேள்விக்குப் பதில் இல்லையென்றால் யார் வருவார்கள்? அந்த அக்டோபரிலேயே விமானங்களுக்கு அந்தத் தடையிலிருந்து விலக்கு அறிவித்தார்கள். 2025-ல் தனிச் சட்டமே வந்தது. துபாய்க்கு அந்த ஆங்கில நீதிமன்றம் எவ்வளவு பெரிய பலம் என்பது இங்கேதான் புரியும். கிஃப்ட் சிட்டிக்கு அப்படித் தனி நீதிமன்றம் இல்லை. தகராறு என்றால் நடுவர் மன்றத்துக்குப் போகலாம், இல்லாவிட்டால் நம் வழக்கமான கோர்ட்டுதான். அதன் பெரிய பலவீனம் இது என்பது என் அபிப்பிராயம்.

மதுவிலக்கு உள்ள குஜராத்தில், 2023 டிசம்பரில் அந்த நகரத்துக்கு மட்டும் ஓட்டலில் மது அருந்தச் சலுகை கொடுத்தார்கள். வெளிநாட்டு வங்கிக்காரரைக் குடும்பத்தோடு வந்து குடியேறச் சொன்னால், சாயங்காலம் அவர் என்ன செய்வார் என்பதையும் யோசிக்கத்தானே வேண்டும்!

‘நம்ம ஊரில் ஏன் இது இல்லை?’ என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. சென்னை நந்தம்பாக்கத்தில் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவின் ஃபின்டெக் நகரம் என்று ஒரு திட்டம் இருக்கிறது. அது வேறு. அங்கே எவ்வளவு உயரமாகக் கட்டடம் எழும்பினாலும், ஃபெமாவில் ‘வெளியே குடியிருப்பவராகக் கருதப்படும்’ என்ற அந்தத் தகுதி கிடையாது. அது இல்லையென்றால் டாலர் வியாபாரம் இல்லை.

இப்போது உங்கள் மச்சானுக்கு வருகிறேன். பெயர் தெரியாமல் பணம் போடுகிற இடம் இல்லை இது. பாஸ்போர்ட், அமீரக ஐ.டி., பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி, எல்லாம் உண்டு. சம்பளத்தில் சேர்த்த பணத்தை வங்கி வழியாக அனுப்புகிற உங்களுக்கு அதில் பயப்பட ஒன்றுமில்லை. உள்நாட்டுப் பணம் வெளியே போய் வேஷம் மாற்றித் திரும்ப வரும் என்ற சந்தேகம் இப்படிப்பட்ட எல்லா மண்டலத்தின் மீதும் உண்டு. அதுதான் மச்சானுடைய கால்வாசி உண்மை. அந்தப் பிரச்சினைக்கும் உங்கள் 60,000 டாலருக்கும் சம்பந்தம் இல்லை.

மேனேஜர் விஷயம்தான் கவனிக்க வேண்டியது. ‘வரி கிடையாது’ என்கிறாரே, யாருக்கு? வங்கிக் கிளைக்கு, அதன் சலுகைக் காலம் முழுக்க. இன்னொரு லாபமும் அதற்கு உண்டு. சாதாரணக் கிளையில் நீங்கள் டெபாசிட் போட்டால், வங்கி அதில் ஒரு பங்கை ரிசர்வ் வங்கியில் வட்டியில்லாமல் வைக்க வேண்டும், இன்னொரு பங்குக்கு அரசுப் பத்திரம் வாங்க வேண்டும். கிஃப்ட் சிட்டிக் கிளைக்கு இந்த இரண்டு கட்டாயமும் இல்லை. வாங்கிய டாலரை முழுசாகச் சுற்றவிடலாம். அதனால்தான் வாரம் தவறாமல் கூப்பிடுகிறார். அந்த மிச்சத்தில் உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் வட்டி தரலாம், தந்தால் சந்தோஷம்.

உங்களுக்கும் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பது சரிதான், நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியராக இருக்கும்வரை. ஆனால் அதே வங்கியின் திருச்சிக் கிளையில் எஃப்.சி.என்.ஆர். டெபாசிட் (வெளிநாடுவாழ் இந்தியர் அந்நிய நாணயத்திலேயே போடும் டெபாசிட்) போட்டாலும் அதே டாலர்தான், அதே வரிவிலக்குதான். அமீரகத்திலும் தனிநபர் வருமான வரி இல்லை. ஆக, வரியைக் காட்டி உங்களை குஜராத்துக்குக் கூப்பிட ஒரு காரணமும் இல்லை. எஃப்.சி.என்.ஆரைக் குறைந்தது ஒரு வருடம் வைக்க வேண்டும், ஒரு வருடம் முடிவதற்குள் எடுத்தால் வட்டியே இல்லை. கிஃப்ட் சிட்டியில் சில மாதங்களுக்கும் போடலாம். அந்த வசதி உண்மையானது.

எதிர்ப் பக்கத்தில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, டெபாசிட் காப்பீடு. நம் வங்கிகளில் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு, எஃப்.சி.என்.ஆருக்கும் சேர்த்துத்தான். கிஃப்ட் சிட்டிக் கிளைக்கு அது கிடையாது என்று 2015-லேயே ரிசர்வ் வங்கி எழுதிவிட்டது. அவசரம் என்றால் அந்தக் கிளைக்கு ரிசர்வ் வங்கி பணம் கொடுத்துத் தாங்காது என்றும் அதே சுற்றறிக்கை சொல்கிறது. பெரிய வங்கியின் கிளை என்றால் தாய் வங்கிதான் பொறுப்பு, அதனால் ராத்திரி தூக்கம் கெடவேண்டியதில்லை. 60,000 டாலருக்கு 5 லட்சம் என்பது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் என்பதும் உண்மை. இருந்தாலும் இருக்கிற குடையை விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று தெரிந்து போகவேண்டும்.

இரண்டாவதுதான் முக்கியம்: நீங்கள் ஊர் திரும்புகிற தேதி. டெபாசிட் மூன்று வருடம், நீங்கள் வருவது இரண்டாவது வருடம். 17 வருடம் வெளியே இருந்தவர் என்பதால், திரும்பியதும் வருமான வரிச் சட்டத்தில் உங்களுக்கு ஒரு இடைநிலை கிடைக்கும். ‘குடியிருப்பவர், ஆனால் சாதாரணமாகக் குடியிருப்பவர் அல்ல’ என்று நீளமாகப் பெயர், நாங்கள் ஆர்.என்.ஓ.ஆர். என்போம். பெரும்பாலும் இரண்டு வருடம், சில சமயம் மூன்று வருடம் கிடைக்கும். அந்தக் காலத்திலும் எஃப்.சி.என்.ஆர். வட்டிக்கு வரிவிலக்கு தொடரும். சட்டத்திலேயே அந்த நிலையில் உள்ளவரைச் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். கிஃப்ட் சிட்டிப் பிரிவு தருகிற வட்டிக்கான விலக்கில், குடியிருக்காதவருக்குத் தரும் வட்டி என்று மட்டும்தான் இருக்கிறது. ‘அதுதான் வெளிநாடு ஆயிற்றே, வெளிநாட்டு வருமானம் என்று காட்டலாமே’ என்பீர்கள். முடியாது. அந்நியச் செலாவணிச் சட்டத்துக்குத்தான் அது வெளிநாடு. வருமான வரிச் சட்டத்துக்கு அது காந்திநகர் மாவட்டம். அங்கே விளைகிற வட்டி இந்தியாவில் விளைந்த வட்டி.

இந்த இடத்தில்தான் ஆட்கள் சறுக்குகிறார்கள். மஸ்கட்டிலிருந்து திரும்பிய ஒருவர் ‘வரியில்லாத டெபாசிட்’ என்று நம்பி இரண்டு வருட வட்டியை ரிட்டர்னில் காட்டாமலே இருந்தார். என்னிடம் வந்தபோது கையில் நோட்டீஸ். வங்கி சொன்னது பொய்யில்லை, சொன்ன நாளில் அவர் மஸ்கட்டில் இருந்தார்.

ஆகவே மூன்று வருடம் வேண்டாம். மனைவி பிள்ளைகளின் பள்ளி, வீட்டு வாடகை ஒப்பந்தம் எல்லாம் பார்த்து, திரும்புகிற மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள். நிதியாண்டில் இந்தியாவில் 182 நாள் சேர்ந்துவிட்டால் அந்த வருடமே நீங்கள் குடியிருப்பவர். அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை எண்ணினாலே 182 வந்துவிடும். அதனால் அக்டோபருக்கு முன் வருவதற்கும் நவம்பர் கடைசியில் வருவதற்கும் ஒரு வருட வித்தியாசம் விழலாம். ஏப்ரல், மே விடுமுறையில் ஊரில் இருந்த நாட்களும் இந்தக் கணக்கில் சேரும், மறந்துவிடாதீர்கள்.

இப்போதைக்குக் கையில் இருப்பதில் பெரும்பகுதி, சொல்லப்போனால் 40,000 டாலர், எஃப்.சி.என்.ஆரில் போகட்டும். அதை வேண்டுமானால் மூன்று வருடத்துக்கே போடலாம். திரும்பிய பிறகும் முதிர்வு வரை அப்படியே ஓடவிடச் சட்டம் அனுமதிக்கிறது, முதிர்ந்ததும், ஊர் திரும்பியவர்கள் அந்நிய நாணயம் வைத்துக்கொள்ளும் ஆர்.எஃப்.சி. கணக்குக்கு மாற்றி டாலராகவே வைத்துக்கொள்ளலாம். மீதி 20,000 டாலருக்கு, வீடு கட்டவோ வேறெதற்கோ எப்போது வேண்டும் என்று தெரியாத பணம் என்றால், கிஃப்ட் சிட்டியில் ஆறு மாதம், ஒரு வருடம் என்று போட்டு எடுக்கலாம். நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன் முதிர்கிற மாதிரி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே டாலர் இன்சூரன்ஸ் பாலிசி ஒன்றையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். இரண்டு வருடத்தில் ரூபாயில் வாழப் போகிறவருக்கு 15 வருட டாலர் பிரீமியம் எதற்கு? வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறை மேனேஜர் கூப்பிட்டால் போனில் பேசாமல், மெயிலில் மூன்றைக் கேளுங்கள். ஒரே நாளில், ஒரே காலத்துக்கு எஃப்.சி.என்.ஆர். வட்டி எவ்வளவு, கிஃப்ட் சிட்டி வட்டி எவ்வளவு? முன்கூட்டியே எடுத்தால் எவ்வளவு பிடிப்பார்கள்? நான் நிரந்தரமாக ஊர் திரும்பிய மறுநாள் இந்தக் கணக்கு என்ன ஆகும், வட்டிக்கு டி.டி.எஸ். பிடிப்பார்களா? முதல் இரண்டுக்கும் அன்றே பதில் வரும். மூன்றாவதற்குப் பதில் வந்ததும், பாஸ்போர்ட்டில் கடந்த ஏழு வருட வருகைப் பதிவுகளையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். உங்களுக்கு அந்த இடைநிலை எத்தனை வருடம் கிடைக்கும் என்று எண்ணிச் சொல்கிறேன்.